பதிவேட்டில் பிறந்தவர்கள்

ஒருவரைப் பழிப்பதற்குத் தமிழர் நாள்தோறும் வழங்கும் 'கேடி' என்னும் சொல், 'கேடு' என்பதிலிருந்து பிறந்ததாகவே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது காவல் நிலையப் பதிவேடு ஒன்றின் தலைப்பு. 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது 'அறியப்பட்ட கொள்ளையர்' என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளே கே, டி. காவலர் வாயிலிருந்து தெருவுக்கு இறங்கி, வசைச்சொல்லாகி, திரைப்படத் தலைப்பாகவும் ஆகிவிட்ட இச்சொல்லின் பின்னால் ஒன்றரை நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

குற்றம் என்பது ஒருவர் செய்யும் செயல், பிறப்பு அன்று. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் நின்ற அடிப்படை இதுவே. சாதி, சமய வேறுபாடின்றி அனைவர்க்கும் ஒரே சட்டம் என்பதே அதன் சிறப்பாகப் பேசப்பட்டது. பதினொரே ஆண்டுகளில் அதே அரசு இதற்கு நேர்மாறான ஒன்றை இயற்றியது. 1871 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், ஒரு குழுவினர் தொடர்ந்து குற்றம் புரிபவர் என்று உள்ளூர் அரசு 'நம்புவதற்குக் காரணம் இருந்தால்' அக்குழு முழுவதையும் குற்றப் பழங்குடி என அறிவிக்க வழிசெய்தது. அவ்வறிவிப்பு செல்லுமா என்று கேட்கும் அதிகாரம் எந்த நீதிமன்றத்துக்கும் இல்லை என்றும் சட்டமே கூறியது. இதற்கு முன்மாதிரியும் இருந்தது. தக்கர் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது மட்டுமே ஆயுள் தண்டனைக்குப் போதுமானது என 1836ஆம் ஆண்டின் சட்டம் ஏற்கெனவே வகுத்திருந்தது. தச்சன் மகன் தச்சனாவது போலக் கள்வன் மகன் கள்வனாகிறான் என்ற வாதம் 1871இல் வெளிப்படையாகவே முன்வைக்கப்பட்டது. சாதியமைப்பைக் காட்டுமிராண்டித்தனம் என்று இகழ்ந்தவர்களே, தங்களுக்குத் தேவைப்பட்ட இடத்தில் அதனை அறிவியல் சான்றாக எடுத்துக்கொண்டனர்.

சட்டம் இயங்கிய விதம் எளியது. மாவட்ட நீதிபதி ஒரு பதிவேட்டைத் தொடங்குவார். அறிவிக்கப்பட்ட குழுவினர் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும். வராமல் இருப்பது குற்றம். குறித்த எல்லையை விட்டு நீங்க அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டின்றி வெளியே காணப்பட்டால் பிடியாணை இல்லாமலே கைது. 1897ஆம் ஆண்டின் திருத்தம் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளைப் பிரித்து வைக்கவும் இடமளித்தது. முதலில் பஞ்சாப், வடமேற்கு மாகாணங்கள், அவத் ஆகிய பகுதிகளுக்கு மட்டுமே பொருந்திய இச்சட்டம் பின்னர் வங்காளத்துக்கும், 1911இல் சென்னை உட்பட நாடு முழுவதற்கும் விரிந்தது.

இப்பதிவேட்டில் ஏறியவர் யார்? சென்னை மாகாணத்துக் கொறவரை எடுத்துக்கொள்ளலாம். கடற்கரையிலிருந்து உப்பையும், உள்நாட்டிலிருந்து தானியத்தையும் மாடுகளின் மேல் ஏற்றிச் சென்று விற்ற வணிகர் அவர்கள். வண்டி செல்லாத ஊர்களுக்கெல்லாம் உப்பு அவர்கள் வழியாகவே சென்றது. அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப்பாதையும் அவ்வணிகத்தை அழித்தன. வனச் சட்டங்கள் மேய்ச்சலையும் மூங்கிலையும் பறித்தன. பிழைப்பை இழந்து அலைந்தவர்களைப் பார்த்து, அலைவதே இவர்கள் இயல்பு என்று அரசு எழுதி வைத்தது. காரணத்தை அழித்துவிட்டு விளைவை மட்டும் இரத்தத்தில் எழுதிய இச்செயலே அச்சட்டத்தின் உயிர்நாடி. அதே காலத்தில் ரிஸ்லியும் எட்கர் தர்ஸ்டனும் மூக்கின் அகலத்தையும் மண்டையின் நீளத்தையும் அளந்து சாதிகளை இனங்களாக வகைப்படுத்திக்கொண்டிருந்தனர். கல்கத்தாவில் 1897இல் கைரேகைப் பிரிவகம் தொடங்கப்பட்டது. அஜிஸுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரு இந்தியரின் உழைப்பில் உருவான வகைப்பாட்டு முறை உலகெங்கும் எட்வர்டு ஹென்றியின் பெயரால் வழங்குவது தனிக்கதை. 1911ஆம் ஆண்டுச் சட்டம் பதிவானவரின் விரல் ரேகையை எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் அதிகாரத்தைக் காவல்துறைக்குத் தந்தது. தென் மாவட்டத்து மக்கள் அதனைக் 'கைரேகைச் சட்டம்' என்றே அழைத்தனர்.

மதுரைப் பகுதியின் பிரமலைக் கள்ளர் அலைந்து திரிந்தவர் அல்லர். நிலத்தில் நிலைத்து வாழ்ந்தவர். ஊர்க்காவல் அவர்களுடைய உரிமையாகவும் வருவாயாகவும் இருந்தது. அரசுக் காவல்துறை வந்த பிறகு அதே காவல் மிரட்டிப் பணம் பறித்தலாகப் பெயர் மாறியது. இரவில் காவல் நிலையத்தில் படுக்கவும், வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' வாங்கவும் அவர்கள் கட்டாயப்படுத்தப்பட்டனர். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்து நின்ற மக்கள்மீது காவல்துறை சுட்டது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் இம்மக்களுக்காக வாதாடினார். 'ரோசாப்பூ துரை' என்ற பெயரால் அவர் இன்றும் அப்பகுதியில் நினைக்கப்படுகிறார்.

சிறை மட்டுமன்றி 'சீர்திருத்தக் குடியிருப்பு' என்னும் ஏற்பாடும் இருந்தது. குண்டூர்ப் பகுதியில் இரட்சணிய சேனை நடத்திய ஸ்டூவர்ட்புரம் அவற்றுள் ஒன்று. சென்னை ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரின் பெயர் தாங்கிய அவ்வூரில் குடியேற்றப்பட்ட எருகுலர், சீராலாவின் புகையிலை ஆலைக்கு உழைப்பாளராயினர். திருந்துவதற்காக அடைக்கப்பட்டவர் குறைந்த கூலிக்குத் தப்ப முடியாத ஆட்களாகக் கிடைத்தது ஆலைக்கு வசதியாகவே இருந்திருக்கும்.

1936இல் நெல்லூரில் பேசிய நேரு இச்சட்டத்தை வன்மையாகக் கண்டித்தார். முத்துராமலிங்கத் தேவர், ஜீவானந்தம் முதலியோரின் போராட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணம் 1947இல் அதனை நீக்கியது. அனந்தசயனம் ஐயங்கார் குழுவின் பரிந்துரையை ஏற்று 1952 ஆகஸ்டு 31 அன்று நாடு முழுவதும் அது நீக்கப்பட்டது. அந்நாளை இச்சமூகத்தார் விடுதலை நாளாகக் கொண்டாடுகின்றனர். ஆனால் சென்னையில் 1948லேயே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. பிற மாநிலங்களும் இத்தகைய சட்டங்களை இயற்றின. சமூகத்தைக் குறிவைத்த சட்டம் போய், தண்டனை பெற்ற தனிமனிதரைக் குறிவைக்கும் சட்டம் வந்தது என்பது தாளளவில் உண்மை. அது சிறிய மாற்றமும் அன்று. ஆயினும் எந்தக் குடிசையின் கதவை முதலில் தட்டுவது என்ற நிலையத்தின் நினைவைச் சட்ட நீக்கம் தொடவில்லை.

அந்நினைவு என்ன செய்யும் என்பதை 1998 பிப்ரவரியில் புருலியா காட்டியது. கேரியா சபர் சமூகத்தைச் சேர்ந்த புதன் சபர் காவலில் இறந்தார். தற்கொலை என்றது அரசுத் தரப்பு. உறவினர் உடலை எரித்ததாகக் காட்டிவிட்டு, வைக்கோல் உருவத்தை எரித்து, உடலை வீட்டிலேயே புதைத்து வைத்தனர். அதனால்தான் மறு உடற்கூறாய்வு இயன்றது. மகாசுவேதா தேவியும் கணேஷ் தேவியும் எடுத்த முயற்சியால் கல்கத்தா உயர்நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கும் இழப்பீட்டுக்கும் ஆணையிட்டது. நீதி பெறுவதற்குச் சான்றைக் காவலரிடமிருந்தே ஒளித்து வைக்க வேண்டியிருந்தது.

இன்னும் கொடியது அங்குஷ் மாருதி ஷிண்டே வழக்கு. மகாராஷ்டிரத்தில் 2003இல் நிகழ்ந்த கொலை, வன்புணர்வு வழக்கில் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஆறு பேருக்கு மரண தண்டனை. உயர்நீதிமன்றம் மூவருக்கு அதனை ஆயுளாகக் குறைத்தது. 2009இல் உச்ச நீதிமன்றம் ஆறு பேருக்கும் தூக்கையே உறுதிசெய்தது. பத்தாண்டு கழித்து, 2019 மார்ச்சில், அதே நீதிமன்றம் அறுவரையும் விடுவித்தது. நேரில் கண்ட சாட்சி தொடக்கத்திலேயே காவல்துறையின் படத்தொகுப்பில் வேறு நால்வரை அடையாளம் காட்டியிருந்தார். அவர்களை எவரும் விசாரிக்கவில்லை. அறுவரும் நாடோடிச் சமூகத்து ஏழைக் கூலிகள் என்பதால் பொய்யாகச் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பதை நீதிமன்றமே குறிப்பிட்டது. குற்றம் நிகழ்ந்தபோது அவர்களுள் ஒருவர் சிறுவர். ஆளுக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. இழந்தது 16 ஆண்டுகள்.

சிறைக்குள் சென்ற பின்னும் பதிவேடு விடுவதில்லை. இராஜஸ்தானின் 1951ஆம் ஆண்டுச் சிறை விதிகள் சமையலுக்கு உயர்சாதிக் கைதியையும் கழிவறைக்கு 'மேத்தரை'யும் குறித்தன. மேற்கு வங்கக் கையேடு, இரவுக் காவலுக்கு அமர்த்தப்படும் கைதி 'அலையும் பழங்குடி'யினராக இருத்தலாகாது என்றது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகக் கைதிகளைப் பிரித்து வைத்ததைச் சென்னை உயர்நீதிமன்றம் ஒருமுறை ஏற்றுக்கொண்டது. செய்தியாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளை அரசமைப்புக்கு முரணானவை என நீக்கியது. மூன்று மாதங்களில் கையேடுகளைத் திருத்தவும், கைதிப் பதிவேட்டிலிருந்து சாதிக் கட்டத்தை எடுக்கவும் ஆணையிட்டது. அதே ஆண்டு மே மாதம் அமானத்துல்லா கான் வழக்கில், பின்தங்கிய சமூகத்து அப்பாவிகளின் பெயரை எந்திரத்தனமாகச் 'சரித்திரத் தாளில்' ஏற்றுவதைத் தடுக்கும் வகையில் தங்கள் நடைமுறையை மீளாய்வு செய்யுமாறு மாநிலங்களுக்கு அது அறிவுறுத்தியிருந்தது.

இவ்விரு தீர்ப்புகளின் சிறப்பு, அவை சட்டத்தின் பெயரோடு நில்லாமல் தாளின் கட்டம் வரை சென்றதே. 1952இல் செய்யப்படாமல் விடப்பட்ட வேலை அது. மறுபுறம், எதிர்த்திசையிலும் நடை தொடர்கிறது. பெருங்காமநல்லூர்த் துப்பாக்கிச்சூடு நடந்த அதே 1920இல் இயற்றப்பட்ட கைதிகள் அடையாளச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் வந்த புதிய சட்டம், கைதானவரின் ரேகை முதலிய அளவுகளை 75 ஆண்டுகள் மின்னணு வடிவில் வைத்திருக்க இசைகிறது. விசாரணையில் விடுவிக்கப்பட்டவரின் பதிவை அழிக்க வேண்டும் என்ற விதி அதில் உண்டு. ஆனால் நன்னடத்தைப் பிணை கேட்கப்பட்டவரும் அதன் வலைக்குள் வருகிறார். வழக்கமான குற்றவாளி என்ற ஐயத்தின் பேரில் அப்பிணையைக் கேட்கும் பழைய 110ஆம் பிரிவு, புதிய நடைமுறைச் சட்டத்தில் 129ஆம் பிரிவாக அப்படியே நீடிக்கிறது.

மாநிலங்களின் வழக்கமான குற்றவாளிகள் சட்டங்களை நீக்க வேண்டும் என்று தேசிய மனித உரிமை ஆணையமும், 2008இல் அறிக்கை தந்த ரெங்கே ஆணையமும் சொல்லிவிட்டன. அதற்கிணையான மற்றொரு தேவையும் உண்டு. ஆண்டுதோறும் வெளிவரும் சிறைப் புள்ளிவிவரம் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்பட்டோர், மற்றவர் என்று கைதிகளை எண்ணுகிறது. சீர்மரபினர் மாநிலத்துக்கு மாநிலம் இந்நான்கு கட்டங்களுக்குள்ளும் சிதறிக் கிடக்கின்றனர். பிறந்த உடனே பெயர் எழுதி வைத்த அரசிடம், இன்று அவர்களுள் எத்தனை பேர் சிறையில் இருக்கின்றனர் என்று கேட்டால், அதைக் காட்டும் கட்டம் அப்புள்ளிவிவரத்தில் இல்லை.