பிரமவிகாரமும் பிரமஞானமும்

வாசெட்டன், பாரத்துவாசன் என்னும் பிராமண இளைஞர் இருவர், பிரமனை அடைதற்குரிய நேர்வழி யாதெனத் தம்முள் வாதிட்டு, முடிவு காணாது புத்தரிடம் வந்தனர். உங்கள் ஆசிரியருள் எவரேனும் பிரமனை நேரிற் கண்டதுண்டோ என்று புத்தர் வினவினார். இல்லையென்றே அவர்கள் விடையிறுத்தனர். காணாத ஒன்றற்கு வழிகாட்டுதல் எங்ஙனம் பொருந்தும் என்று கேட்ட பின்னர், மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கினையும் எல்லாத் திசைகளிலும் எல்லையறப் பரப்புதலே அவ்வழி என்று அவர் உபதேசித்தார். முதிதையாவது பிறர் உயர்வு கண்டு மகிழ்தல். உபேட்சையாவது விருப்பு வெறுப்பின்றி நடுநிற்றல். தீக நிகாயத்துத் தேவிச்ச சூத்திரம் கூறும் வரலாறு இது.

இந்நான்கிற்கும் பிரமவிகாரம் என்பது பெயர். பிரமன் உறையும் உறையுள் என்பது அதன் பொருள். பௌத்தம் படைப்புக் கடவுள் ஒருவரை ஏற்பதில்லை. தேவரும் பிரமரும் அதன் உலகில் உளர். ஆயினும் அவரும் பிறந்து இறப்பவரே. எனவே, தெய்வத்தன்மை என்பது அந்நெறியிற் பயிற்சியினால் மனம் எய்தும் ஒரு நிலையாகும்.

அப்பயிற்சி எளிதன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையிலிருந்து புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், நாற்பது தியானப் பொருள்களை வகுக்கின்றது. மைத்திரியைப் பயில்வோன் முதலில் தன்னிடத்தும், பின்பு தான் மதிக்கும் ஆசானிடத்தும், அன்பரிடத்தும், நொதுமலரிடத்தும், ஈற்றிற் பகைவரிடத்தும் அன்பு செலுத்தல் வேண்டும். அவனும் அன்பன், நொதுமலன், பகைவன் ஆகிய மூவரும் ஒருங்கிருக்கும்போது கள்வர் வந்து, பலியிடுதற்கு ஒருவனைத் தருமாறு கேட்பதாக அந்நூல் ஒரு நிலையைக் காட்டுகின்றது. பகைவனைச் சுட்டுவானாயின் அவன் பயிற்சி நிறைவுறவில்லை. தன்னையே கொள்க என்பானாயினும் நிறைவுறவில்லை. நால்வருள் ஒருவரையும் கொடுக்க மனம் ஒருப்படாதபோதே வேற்றுமையின் எல்லை அழிகின்றது.

இம்மரபினைப் பேணிய இலங்கைக்கு, 1880ஆம் ஆண்டு மே மாதம் 17ஆந் திகதி பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஒல்கொட்டும் வந்து காலியில் இறங்கினர். 1875இல் நியூயோர்க்கிற் பிரமஞான சபையை நிறுவியோருள் முதன்மையானோர் இவர்கள். மே 25ஆந் திகதி காலி விஜயானந்த விகாரையில் இருவரும் பஞ்சசீலம் ஏற்றனர். சமயங்கள் யாவும் ஒரே மெய்ஞ்ஞானத்தின் கிளைகள் என்பது அவர்தம் கொள்கை. உருவும் குணமும் உடையராய் உலகைப் படைக்கும் கடவுளை அம்மையாரும் மறுத்தார். ஆயினும், 1888இல் அவர் வெளியிட்ட 'இரகசிய உபதேசம்' என்னும் நூல், சொல்லுக்கும் நினைவுக்கும் எட்டாத பரம்பொருள் ஒன்றை அனைத்திற்கும் மூலமாகக் கொண்டது. அடுத்த ஆண்டில் வெளிவந்த 'மௌனத்தின் குரல்', நிருவாணத்தின் வாயிலை எய்தியும் பிறர் துயர் கருதித் திரும்புவோனைப் போற்றியது. கருணை பற்றிய அவர் கருத்து வடநாட்டுப் பௌத்தத்தின் போதிசத்துவ இலட்சியத்தைத் தழுவியது.

இரு சாராரும் கருணையில் ஒன்றினர். முடிவான உண்மை யாது என்பதில் வேறுபட்டனர். அவ்வேறுபாடு விரைவில் வெளிப்பட்டது. ஒல்கொட் தாம் எழுதிய 'பௌத்த வினாவிடை'யை 1881இல் அச்சேற்றுமுன், வித்தியோதய பிரிவேனாவின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரரின் பார்வைக்கு வைத்தார். நிருவாணத்தில் ஏதேனும் எஞ்சுமோ என்ற வினாவில் இருவரும் இணங்கவில்லை. ஒல்கொட் எழுதிய விடை அவ்வாறே நிற்குமாயின் தமது ஒப்புதலை மீட்டுக்கொள்வதாகத் தேரர் கூறினார். விடை மாற்றப்பட்ட பின்னரே நூல் வெளிவந்தது.

அக்கண்டிப்பினாற் கூட்டுப்பணி குலையவில்லை. 1886இற் கொழும்பில் ஆனந்தாக் கல்லூரியும், 1892இற் காலியில் மகிந்தாக் கல்லூரியும் அவ்வுறவின் பயனாய் எழுந்தன. இவற்றுட் பின்னதற்கு 1903இல் அதிபராய் வந்தவர் பிராங் லீ வூட்வாட். ஆங்கிலத் திருச்சபைக் குரு ஒருவரின் மகனான இவர் பிரமஞான சபையைச் சேர்ந்தவர்.

இலங்கையில் தியானப் பயிற்சி அருகியிருந்த காலம் அது. பாளியும் சிங்களமும் விரவிய தியான நூலின் ஏடொன்றை 1893இல் அநகாரிக தர்மபாலர் பம்பரகல விகாரையிற் கண்டெடுத்தார். ஆசிரியர் பெயர் அறியப்படாத அந்நூலை றைஸ் டேவிட்ஸ் 1896இற் பதிப்பித்தார். அதனை ஆங்கிலத்திற் பெயர்த்தவர் வூட்வாட். அம்மொழிபெயர்ப்பு 1916இல் வெளிவந்தது. 1919இற் காலியை விட்டுத் தஸ்மேனியா சென்ற பின்னரும், 1952இல் மறையும்வரை அவர் பாளிப் பணியைக் கைவிடவில்லை. சங்யுத்த, அங்குத்தர நிகாயங்களின் பெரும்பகுதியை ஆங்கிலத்திற் படிப்போர் இன்றும் அவருக்குக் கடமைப்பட்டவர்களே.

இவ்வுறவிற்கும் ஓர் எல்லை இருந்தது. இருபதாம் வயதில் அம்மையாருடன் அடையாறு சென்று, அவர் அறிவுரைப்படி பாளி கற்கத் தொடங்கிய தர்மபாலரே, பிற்காலத்திற் சபையினின்றும் விலகினார். எல்லாச் சமயமும் ஒன்றெனும் கூற்றுப் பௌத்தத்தின் தனித்தன்மையை மறைக்கும் என்று அவர் கருதினார். அக்கருத்திற் பெரிதும் நியாயம் உண்டு. பரம்பொருள் உண்டென்பதும், அத்தகைய மூலத்தை நாடாமலே துயர் நீங்கலாம் என்பதும் ஒன்றாகா. அவற்றை ஒன்றெனச் சொல்லிச் சமாதானம் செய்தல் இரண்டிற்கும் இழைக்கும் அநீதியாகும்.

சுமங்கல தேரர் தமது கோட்பாட்டிற் சிறிதும் தளரவில்லை. அதன் பொருட்டு ஒல்கொட்டைப் பகைக்கவுமில்லை. பரம்பொருளை நம்பிய சபையினரான வூட்வாட், அதனை ஏற்காத நெறியின் நூல்களுக்கே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை ஈந்தார். கள்வரின் கேள்வியைக் கொண்டு விசுத்திமக்கம் வைக்கும் சோதனை தியானத்தில் அமர்ந்தோர்க்கு மட்டும் உரியதன்று. மாறுபட்ட கொள்கையுடையாரோடு ஒரே பாடசாலையை நடத்துவோர்க்கும், ஒரே நாட்டில் வாழ்வோர்க்கும் அது உரியதாகும்.