சானடோரியத்திலிருந்து வாசற்படிக்கு

சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில் கடைசிக்கு முந்தைய நிறுத்தம் சானடோரியம். அந்த நிலையத்துக்குப் பெயர் கொடுத்த காசநோய் மருத்துவமனையை 1928இல் 12 படுக்கைகளோடு தொடங்கியவர் டாக்டர் சவுரிமுத்து. இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுப் பகுதியில் திறந்தவெளிச் சிகிச்சை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது.

காசநோய்க்கு மருந்தே இல்லாத காலம் அது. காற்று, ஓய்வு, ஊட்டமான சாப்பாடு, இவைதான் சிகிச்சை. ஊழியர்களுக்கு வேலை கடுமைதான். தொற்று அபாயமும் கூடவே இருந்தது. ஆனாலும் நோயாளி ஒரே இடத்தில் படுத்திருந்தார். ஊழியருக்குத் தலைக்கு மேல் கூரை இருந்தது, குடிக்கத் தண்ணீர் இருந்தது, ஒதுங்க இடம் இருந்தது.

மருந்து வந்த பிறகு இந்த ஏற்பாட்டை அசைத்தது சென்னையின் சேத்துப்பட்டு. 1956இல் அங்கே தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில், 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு சானடோரியத்திலும் மறு பாதிக்கு நெருக்கடியான தங்கள் வீட்டிலுமே ஓராண்டு சிகிச்சை. மருந்து இரு பிரிவினருக்கும் ஒன்றே. 1959இல் வெளியான முடிவு உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது: வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள், அவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் பரவவில்லை என்பதும் பின்னர் தெரியவந்தது.

மருந்தின் வெற்றி என்றே இதைச் சொல்லி வந்திருக்கிறோம். சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணி, சிறுநீர் மாதிரி வாங்கி வந்த சுகாதாரப் பார்வையாளர்களைப் பற்றி அதிகம் பேசியதில்லை. பொதுச் சுகாதார ஊழியரின் பணியிடம் தெருவாக மாறியதில் சென்னைக்குப் பெரும் பங்கு உண்டு.

அந்த மாற்றத்துக்கு ஏற்ப ஊழியரின் உடம்பைப் பற்றி யோசித்தோமா? பின்லாந்து யோசித்தது. 1981இல் அங்கே நகராட்சி ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடரும் ஆய்வு தொடங்கியது. அதிலிருந்து பிறந்த பணித்திறன் அளவுகோல் 7 முதல் 49 வரை மதிப்பெண் தருகிறது. வயதும் நோயும் மட்டுமல்ல, வேலையின் சுமை, மேலதிகாரி நடத்தும் விதம், மனநிலை எல்லாம் சேர்ந்துதான் ஒருவரின் திறனை நிர்ணயிக்கின்றன என்பதே அந்த ஆய்வாளர்கள் கண்டது. 'உழைக்க உடம்பு வணங்கவில்லை' என்று ஊழியர் மீதே பழி போடும் பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இங்கேயோ வீடு தேடிப் போகும் வேலை கூடிக்கொண்டே வந்தது. தாம்பரம் 2021 நவம்பர் 3 அன்று மாநகராட்சியானது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்த 70 வார்டுகள். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் வீடு தேடிப் புறப்பட்டன. 2015 வெள்ளத்தில் மூழ்கிய முடிச்சூர் பக்கம் மழைக்காலம் வந்தால் கொசுப்புழு ஒழிப்புப் பணியும் சேர்ந்துகொள்ளும்.

கொசுப்புழு ஒழிக்க வரும் பணியாளர் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலியில் வரும் பெண். சம்பின் மூடியை இரண்டு கையாலும் நெம்பித் திறக்கிறார், டார்ச் அடித்துப் பார்க்கிறார், அபேட் மருந்தை அளந்து ஊற்றுகிறார், பிறகு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏறுகிறார். அடுத்த வீட்டிலும் இதேதான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு 2024இல் அறிவித்தது. ஆனாலும் மதியம் ஒதுங்க நிழலும் போய்வரக் கழிப்பறையும் அவருக்கு இன்னும் வீட்டுக்காரர் மனம் வைத்தால்தான்.