பாட்டும் வரைபடமும்

கத்திவாக்கத்தைத் தாண்டிக் கொசஸ்தலை ஆறு கடலைத் தொடும் இடத்தை வெளியூர்க்காரர் பலருக்கும் அறிமுகப்படுத்தியது ஒரு பாட்டு. 2017 சனவரியில் வந்த ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ அது. கபேர் வாசுகி எழுத, டி.எம். கிருஷ்ணா கருநாடக இராகங்களில் பாடினார். அந்த இடமான எண்ணூரில் படமாக்கினார்கள். அந்த முயற்சிக்கு வித்திட்டவர்களுள் ஒருவர் பத்திரிகையாளர் நித்தியானந்த் ஜெயராமன். நல்ல பாட்டுதான், ஆனாலும் எண்ணூர் ஆற்றுக்கு அதைவிட உதவியது ஒரு வரைபடம் என்பேன்.

எழுதி முடித்ததும் அடுத்த ஊருக்குப் போவது செய்தியாளர் தொழில். போபால், கொடைக்கானல் பாதரசம், கடலூர் சிப்காட் என்று எழுதப் போன நித்தியானந்தோ, போன இடங்களை விட்டு வரவில்லை. 2004இல் கடலூர் சிப்காட்டை ஒட்டிய ஊர்மக்கள் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அமெரிக்காவில் எண்ணெய் ஆலைகளின் அருகே வாழ்ந்தோர் கையாண்ட முறை அது. ‘நாற்றம் தாங்கவில்லை’ என்ற மனுவை ஒதுக்கிவிடலாம். இன்ன வேதிப்பொருள் இவ்வளவு என்று தாளில் வந்ததை அப்படி ஒதுக்க முடியாது. சமூகக் கல்வி என்று நாம் பெரிய பெயர் சூட்டுவது இந்த வாளியைத்தான்.

கத்திவாக்கத்தில் பாடம் வேறு. காட்டுக்குப்பத்து மீனவருக்கு ஆற்றின் ஆழமும் இறால் வரும் பருவமும் முறைவைத்து மீன்பிடிக்கும் ‘பாடு’ வழக்கமும் அத்துப்படி. அனல் மின் நிலையக் குழாய்கள் கசிந்து சாம்பல் படிந்ததையும் ஆறு மேடேறியதையும் முதலில் சொன்னவர்கள் அவர்களே. அவர்கள் கையில் இல்லாதது காகிதம். கடற்கரை ஒழுங்குமுறை விதிகளின்கீழ் 1996இல் மத்திய அரசு ஒப்புக்கொண்ட வரைபடத்தில், எண்ணூர்க் கழிவெளி கட்டுமானம் கூடாத பகுதி. 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கிடைத்த வேறொரு வரைபடத்திலோ ஏறத்தாழ 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பையே காணோம்! இரண்டையும் அருகருகே விரித்து, விதியையும் எல்லையையும் விளங்கவைத்த வேலையில் நித்தியானந்தும் கடலோர வள மையத்தாரும் மீனவரோடு நின்றார்கள். அக்டோபரில் கமல்ஹாசன் வந்து பார்த்தார், காமிராக்களும் வந்தன. பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கோ மீனவர் பெயரில் 2016 முதலே நடந்துவந்தது. 2022இல் வந்த தீர்ப்பு, சாம்பலுக்கு மின் நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது.

நித்தியானந்த் போன்றோரைக் ‘குரலற்றவர்களின் குரல்’ என்று மலர்களில் பாராட்டுவார்கள். எண்ணூர்ப் பக்கம் மீன் ஏலத்தில் ஒரு காலை நின்றவர் யாரும் அப்படி எழுதத் துணியமாட்டார். குரலுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆங்கிலம் அறிந்தவர் பக்கத்தில் இருந்தால் மைக் அவரை நோக்கியே திரும்புகிறது, சிக்கல் அதுதான். அந்த இடத்தில் ஒதுங்கி நிற்பது எழுத்தைத் தொழிலாகக் கொண்டவருக்கு எளிதன்று.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஊரே வீட்டைவிட்டு ஓடியது. அதன்பின் நூறு நாட்களுக்கு மேல் நீண்ட போராட்டத்தில் பந்தலில் உட்கார்ந்து, ஆலையை நிரந்தரமாக மூடவேண்டும் என்று செய்தியாளர்களிடம் நேரே பேசியவர்களில் அவ்வூர்ப் பெண்கள் பலர்.