நகரைக் கால்நடையாய்ப் பார்த்தல்



நம் பங்கின் வரலாற்றை இம்மலரின் பிற பக்கங்களில் தகுதியுடையோர் எழுதியிருக்கின்றனர். நாமோ நம் பங்கு அமைந்துள்ள இச்சென்னை மாநகரின் பழைய கட்டடங்களைப் பற்றியும், அவற்றைப் போற்ற எழுந்த ஒரு நல்ல வழக்கத்தைப் பற்றியும் சில சொல்ல விழைகின்றோம்.

1639ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார் நாயக்கரிடமிருந்து ஒரு மணல் திட்டைப் பெற்றனர் என்பர். (அது ஜூலை மாதம் என்று வாதிடுவோரும் உண்டு, அவ்வழக்கை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம்.) அந்நாளைச் சென்னை தினமாகக் கொண்டாடும் வழக்கத்தை 2004ஆம் ஆண்டு திரு. எஸ். முத்தையாவும், பத்திரிகையாளர்களான சசி நாயர், வின்சென்ட் டிசோசா ஆகியோரும் தொடங்கினர். 2019இல் மறைந்த முத்தையா, இந்நகரின் கதைகளைத் திரட்டி எழுதுவதையே தம் பணியாகக் கொண்டவர். விழாவென்றால் மேடையும் மாலையுமே நம் நினைவுக்கு வரும். இங்கோ விடியற்காலையில் இருபது முப்பது பேர் ஒரு தெருமுனையில் கூடி, விவரம் அறிந்த ஒருவரின் பின்னே நடக்கின்றனர். அவர் நின்ற இடத்தில் நின்று, காட்டியதைப் பார்க்கின்றனர். மண்டபங்களில் பழைய புகைப்படங்கள், வரைபடங்கள், அஞ்சல் அட்டைகள், நாணயங்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன.

இந்நடைகள் கத்தோலிக்கராகிய நமக்கு ஏன் தேவை? ஒரு தெருவைப் பாருங்கள். செவ்வாய்தோறும் புனித அந்தோணியாரை நாடி நம்மில் எத்தனையோ பேர் செல்லும் ஆர்மேனியன் தெருவுக்கு, மக்கள் வாயில் 'அரண்மனைக்காரத் தெரு' என்று பெயர். அங்கே எந்த அரண்மனையும் இருந்ததில்லை. 'ஆர்மேனியன்' என்ற சொல் திரிந்து அவ்வாறாயிற்று. நம் இணைப் பேராலயத்திற்கு அடுத்த வளாகத்திலேயே 1772ஆம் ஆண்டின் ஆர்மேனியக் கோவில் நிற்கிறது. அதன் மணிக்கூண்டு கோவிலோடு ஒட்டாமல் தனியே நிற்பதையும், அதில் ஆறு மணிகள் தொங்குவதையும் நம்மில் எத்தனை பேர் உள்ளே சென்று பார்த்திருப்போம்?

அவ்வாறே லஸ் முனையில் பேருந்துக்குக் காத்திருப்போர், அது போர்த்துக்கீசியர் 'ஒளியின் அன்னை' என்று அழைத்த நம் தேவமாதாவின் பெயர் என்பதை அறியார். 'லஸ்' என்றால் ஒளி. காட்டுக் கோவில் என்று முன்னோர் அழைத்த அவ்வாலயத்தின் கல்வெட்டு 1516 என்று கூறுகிறது.

கோட்டைக்குள் 1680இல் அபிஷேகம் செய்யப்பட்ட ஆங்கிலேயரின் தூய மரியன்னை ஆலயம் இன்றும் நிற்கிறது. பீரங்கிக் குண்டுக்குத் தாங்கும்படி, உத்திரம் ஒன்றும் இல்லாமல் வளைவாகவே அதன் கூரையைக் கட்டினர். அதற்கும் முன்பே, 1642இல் வந்த கப்புச்சின் குரு எப்ரேம் தெ நெவேர், அதே கோட்டைக்குள் நம் மறையின் ஆலயம் ஒன்றை நிறுவினார். 1746இல் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1749இல் அதைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர், கத்தோலிக்கர் பகைவருக்கு உதவினர் என்று ஐயுற்றுப் பின்பு அவ்வாலயத்தை இடித்துவிட்டனர். நடந்து செல்வோருக்கு இருப்பதைக் காட்டலாம். இல்லாததை யாராவது சொன்னால்தானே தெரியும்!

இடிப்பதற்குப் பகைவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கிரையாயிற்று. அவ்விடத்தில் இரயில்வே கட்டடம் எழுந்தது. மவுண்ட் ரோட்டில் 1897ஆம் ஆண்டின் பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை 2006இல் இடிக்கத் தொடங்கியபோது, ஆர்வலர் நீதிமன்றம் சென்றனர். 2010இல் உயர்நீதிமன்றம் இடிப்பைத் தடுத்தது. முந்தியதற்கு இல்லாத வழக்காடிகள் பிந்தியதற்குக் கிடைத்ததற்கு, இடைக்காலத்தில் மக்கள் தம் நகரை அறியத் தொடங்கியதும் ஒரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். 2012இல் தீயில் எரிந்த சேப்பாக்கம் கலச மகாலைப் பொதுப்பணித்துறையினர் பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து கொண்டே செப்பனிட்டனர்.

இது நம் பங்குப் பேரவைகள் கேட்க வேண்டிய செய்தி. நன்கொடை சேர்ந்தவுடன் நமக்குத் தோன்றும் முதல் எண்ணம், பழைய சுவரைக் கொத்திச் சிமெண்டு பூசுவதும், தரைக்குப் பளபளப்பான கல் பதிப்பதும்தான். கிளிஞ்சல் சுண்ணாம்பால் கட்டிய சுவர் ஈரத்தை வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாய் உதிரும். தரையோடு தரையாய்க் கிடக்கும் கல்லறைக் கற்கள் புதுக்கல்லின் அடியில் போனால், அங்கே அடக்கம் பெற்றவரின் பெயரும் போயிற்று. பக்தி மிகுதியால் செய்வதுதான். ஆயினும் இழப்பு இழப்பே.

ஆகவே இந்த யூபிலி ஆண்டில் இரண்டு ஏற்பாடுகள் செய்துள்ளோம். மறைக்கல்விப் பிள்ளைகளை ஒரு ஞாயிறு காலைத் திருப்பலிக்குப் பின் ஆர்மேனியன் தெருவுக்கு அழைத்துச் செல்வோம், பெற்றோரும் வரலாம். பங்கு மண்டபத்தில் ஒரு சிறு புகைப்படக் கண்காட்சியும் வைப்போம். உங்கள் வீட்டுத் திருமணப் படங்களிலும் புதுநன்மைப் படங்களிலும் மணமக்களுக்கும் பிள்ளைகளுக்கும் பின்னால் நம் பழைய பீடமும் தூண்களும் தெரியும். அப்படங்களின் பின்புறத்தில் ஆண்டையும் பெயரையும் பென்சிலால் எழுதிப் பங்கு அலுவலகத்தில் கொடுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாய்த் திருப்பித் தருவோம்.