மேடையில் கித்தார்

மலேசிய இளைஞரிடையே கித்தார் பரவலானது 1960ஆம் ஆண்டுகளில் எனலாம். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ‘ஷேடோஸ்’ குழுவினரும் சிங்கப்பூர் வந்து சென்றபின், ‘குகிரான்’ எனப்பட்ட மலாய்க் கித்தார்க் குழுக்கள் பெருகின. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் திருமணத்திற்கும் கோயில் திருவிழாவிற்கும் வாசித்த தமிழ் மெல்லிசைக் குழுக்களும் கித்தாரை ஏற்றன. ஆர்மோனியமும் தபேலாவும் அதனருகே அமர்ந்தன.

அந்நாளையத் திரைப்பாடல்களில் கித்தாரின் பணி பெரும்பாலும் தாளத்திற்குத் துணைபோவதே. மேடைக் கலைஞருக்கு அது பெருஞ்சுமையன்று. 1976இல் ‘அன்னக்கிளி’ வாயிலாக இளையராஜா வந்தபின் நிலைமை மாறிற்று. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை பயின்ற அவர் தாமே கித்தார்க் கலைஞர். 1982இல் வெளிவந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’ பாடலில், ஆர். சந்திரசேகரின் விரல்கள் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டிச் செல்லும் நடை தமிழுலகெங்கும் புகழ்பெற்றது. கித்தார் தூக்கிய ஒவ்வொருவரும் அதனை வாசித்தாக வேண்டும் என்ற நிலை பிறந்தது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கித்தாருக்கெனத் தனி ஒலிவாங்கி உண்டு. பிழைபட்டால் மீண்டும் வாசிக்கலாம். மேடையிலோ டிரம்சின் முழக்கத்தில் நுண்ணிய மீட்டல்கள் கரைந்துவிடும். எனவே தேர்ந்த கலைஞர் எதை விடுவது என்று முதலில் ஆராய்ந்தனர். கட்டைவிரல் மீட்டும் கீழ்ச்சுரங்களைப் பாஸ் கித்தார் ஏற்கெனவே ஒலிக்கிறது. நடுச்சுரங்களை ஆர்கன் நிரப்புகிறது. எஞ்சுவன மெல்லிய தந்திகளில் எழும் மேற்சுரங்கள். கேட்போர் நெஞ்சில் பதிந்திருப்பவையும் அவையே. அவற்றை மட்டும் தெளிவாக மீட்டி, மற்றவற்றைத் தோழருக்கு விட்டுக்கொடுத்தால் பாட்டு தளராது.

இதனை ஏமாற்று என்று இகழ்ந்தோரும் உண்டு. ஒலிநாடாவைத் தேயத் தேயக் கேட்டவருக்கு ஒரு சுரம் குறைந்தாலும் உறுத்தும். அவர்கள் குறையில் நியாயமில்லாமலில்லை. ஆயினும் எல்லாச் சுரங்களையும் பிடிக்க முயன்று தாளம் பிசகும் கித்தார், பாடகரையும் உடன் இழுத்துக்கொண்டு விழும். சிறு குழுவை வைத்துப் பாட்டை நிறைவாக்கும் வித்தை இளையராஜாவுக்கும் புதிதன்று. பாவலர் சகோதரர்களின் மேடைகளில் வளர்ந்தவர் அவர். மலேசியா வாசுதேவனும் தமிழகம் சென்றபின் அக்குழுவில் பாடியவரே.

இந்தச் சுருக்கத்திற்கு உடன்படாத இடமும் ஒன்றுண்டு. ‘இளைய நிலா’வின் தொடக்கத்தில் கித்தாரே முன்னிற்கிறது. கட்டைவிரலின் சுமையைத் தாங்கப் பாஸ் கித்தார் இன்னும் வரவில்லை. இடைவெளியை மறைக்க டிரம்சும் இல்லை. ஆகவே பாட்டின் நடுவே எத்தனை சுரங்களை விட்டாலும், அந்தத் தொடக்கத்தை மட்டும் முழுமையாகப் பயின்றே மேடையேற வேண்டியிருந்தது.