மூச்சை அடக்கிய நெல்

இன்றைக்கு ஒரு மரபணுவின் வரலாற்றைப் பேசப் போறேன். மரபணுவுக்கு ஏது வரலாறுன்னு நீங்க கேட்கலாம். இந்த மரபணுவுக்கு உண்டு. ஏறக்குறைய அறுபது வருஷக் கதை அது.

முன்னாடி எனக்கு ஒரு தப்பான எண்ணம் இருந்தது. நெல் தண்ணீரிலேயே நிற்கிற பயிர்தானே, வெள்ளம் வந்தால் அதற்கு என்ன ஆகிவிடப் போகுதுன்னு நினைத்திருந்தேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்த நண்பர் ஒருவர் சிரித்துக்கொண்டே திருத்தினார். "கால் நனையுறது வேற, தலை முழுகுறது வேற" என்றார்.

பயிர் முழுசா தண்ணீருக்குள் போய்விட்டால், பெரும்பாலான நெல் ரகங்கள் ஒரு வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். காரணம் இதுதான். காற்றில் பரவுவதைவிட தண்ணீரில் வாயுக்கள் சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளே வராது. பயிருக்குள் உருவாகிற எத்திலீன் வெளியே போகாது. வாழைக்காயைப் பழுக்க வைக்குதே, அதே எத்திலீன்தான். அது சேரச் சேர, ஜிபெரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் முடுக்கிவிடப்பட்டு, இலையும் தண்டும் வேகமாக நீள்கின்றன. தலையை வெளியே நீட்டப் பயிர் செய்கிற முயற்சி அது. சேமித்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதிலேயே கரைந்துபோகும். வெள்ளம் அதற்குள் வடியவில்லை என்றால், பிறகு வடிந்தும் பிரயோஜனமில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் பயிர் சாய்ந்துவிடும்.

இப்போ ஒடிசாவுக்குப் போவோம். மகாநதி அடிக்கடி கரை தாண்டுகிற மாநிலம். அங்கே விவசாயிகள் தளபுட்டியா என்று ஒரு நாட்டு நெல்லைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்தார்கள். கடந்த நூற்றாண்டின் நடுவாக்கில் அதிலிருந்து ஒரு தூய வரிசையைப் பிரித்தெடுத்து, எஃப்.ஆர்.13ஏ என்று பெயர் வைத்தார்கள். எஃப்.ஆர். என்றால் வெள்ளத்தைத் தாங்குவது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். இந்த நெல் இரண்டு வாரம் வரைக்கும் மூழ்கிக் கிடந்தாலும் மறுபடி துளிர்க்கும்.

1970-களில் பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் கண் இதன்மேல் விழுந்தது. அதிக விளைச்சல் தரும் ரகங்களோடு ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆனால் வெள்ளத்தைத் தாங்கும் குணத்தோடு எஃப்.ஆர்.13ஏ-வின் குறைகளும் கூடவே வந்தன. விளைச்சல் குறைவு, அரிசியும் சுமார். விவசாயி எப்படி வாங்குவார்?

அந்த முயற்சியில் இருந்தவர்களில் ஒருவர் டேவிட் மக்கில். பின்னர் அவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்துக்குப் போனார். அங்கே அவரும் மாணவர் கெனாங் ஷூவும் சேர்ந்து 1996-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். தாங்கும் குணத்தின் பெரும்பகுதி ஒன்பதாவது குரோமோசோமில் ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. அந்த இடத்துக்கு சப்-1 என்று பெயர்.

இடம் தெரிந்துவிட்டது, ஆள் யார்னு தெரியவில்லை. அதற்கு இன்னும் பத்து வருஷம் ஆனது. அதே வளாகத்தில் பமீலா ரொனால்டின் ஆய்வகத்தில் ஷூ வேலையைத் தொடர்ந்தார். ரிவர்சைடு வளாகத்திலிருந்து ஜூலியா பெய்லி-செர்ரெஸ் சேர்ந்துகொண்டார். 2006-ல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது. மரபணுவின் பெயர் சப்-1ஏ. பல ரகங்களில் இது கிடையவே கிடையாது. தாங்காத ஒரு ரகத்தில் இதைச் சேர்த்துப் பார்த்தபோது, அதுவும் தாங்கியது.

சப்-1ஏ செய்கிற வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எத்திலீன் சேர்ந்ததும் இந்த மரபணு விழித்துக்கொள்ளும். ஜிபெரலினுக்கு முட்டுக்கட்டை போடும். பயிர் நீளாமல், சேமிப்பைச் செலவழிக்காமல், மூச்சை அடக்கிக் காத்திருக்கும். வேடிக்கையைப் பாருங்க, 2009-ல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் மோட்டோயுகி அஷிகாரி குழுவினர், ஆழநீர் நெல்லில் இதற்கு நேர்மாறான வேலையைச் செய்யும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அவை 'வளர்ந்து மேலே வா' என்கின்றன. இரண்டும் ஒரே மரபணுக் குடும்பம்! மாதக்கணக்கில் தேங்கும் வெள்ளத்துக்கு வளர்வது சரி. சில நாளில் வடிகிற வெள்ளத்துக்குப் பொறுமைதான் சரி.

அடுத்த படி விதை. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் திரும்பியிருந்த மக்கில் குழுவினர், ஆந்திராவின் மாருதேருவில் உருவான சுவர்ணா ரகத்தை எடுத்துக்கொண்டார்கள். மரபணு மாற்றம் செய்யவில்லை. வழக்கமான ஒட்டுதான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையிலும் டி.என்.ஏ. அடையாளங்களைப் பார்த்து, சப்-1 பகுதி உள்ள செடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, மறுபடி மறுபடி சுவர்ணாவோடேயே சேர்த்தார்கள். பழைய குறைகள் உதிர்ந்தன. சுவர்ணா-சப்-1, 2009-ல் இந்தியாவில் வெளியானது. நம்ம டெல்டாவில் பொன்மணி என்று பழகிய சி.ஆர்.1009-க்கும் பிறகு ஒரு சப்-1 வடிவம் வந்தது.

ஆய்வகத்தில் ஜெயிப்பது ஒன்று, வயலில் ஜெயிப்பது இன்னொன்று. ஒடிசாவின் 128 கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் சோதித்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பத்து நாள் மூழ்கிய வயலில் சாதாரண சுவர்ணாவைவிட சுமார் 45 சதவீதம் கூடுதல் விளைச்சல். வெள்ளமே வராத வயலில் எந்த நஷ்டமும் இல்லை. கூடவே இன்னொரு தகவல். அதிகப் பலன் பெற வாய்ப்புள்ளவர்கள் பட்டியல் சாதி விவசாயிகள். ஏன்? வெள்ளம் முதலில் ஏறுகிற தாழ்ந்த நிலங்களில் பயிர் செய்கிறவர்கள் அதிகமும் அவர்கள்தான். நிலம் எப்படிப் பங்கு போடப்பட்டது என்ற பழைய வரலாறும் இந்த மரபணுக் கதைக்குள் இருக்கு.

இதை சர்வரோக நிவாரணின்னு நான் சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் மூழ்கினால் இதுவும் தாங்காது. உப்புத் தண்ணீருக்கும் இது மருந்தில்லை.

2006 கட்டுரையில் விஞ்ஞானிகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. அவர்கள் உழைப்புக்கு அது நியாயம்தான். ஆனால் விளைச்சல் குறைவென்று தெரிந்தும், வெள்ளம் வடிந்த சேற்றில் பிழைத்து நின்ற பயிரைப் பார்த்து, அதன் விதையை அடுத்த வருஷத்துக்கு எடுத்து வைத்தார்களே, அந்த ஒடிசா விவசாயிகளின் பெயர் எங்கேயும் இல்லை. அவர்கள் வைக்காமல் விட்டிருந்தால் டேவிஸில் தேடுவதற்கு எதுவும் இருந்திருக்காது. இந்த ஆராய்ச்சியின் முதல் ஆசிரியர்கள் யார்னு என்னைக் கேட்டால், நான் அவர்களைத்தான் சொல்வேன்.