கடனுக்கு முன் இரவல்



மின்சாரக் கார் நம் நாட்டுக்குப் புதிதல்ல. 2001-இல் பெங்களூரில் சேத்தன் மைனியின் 'ரேவா' விற்பனைக்கு வந்தது. ஒரு முறை சார்ஜ் செய்தால் சுமார் 80 கி.மீ. ஓடும். சாத்தூரிலிருந்து மதுரை போய்ச் சேர்வதே பெரிய காரியம். வழியில் சார்ஜ் போடாமல் திரும்ப முடியாது. 2010-இல் அந்த நிறுவனம் மஹிந்திரா வசம் போனது. கார்கள் மாறின, பாதிவழியில் நின்றுவிடுமோ என்ற பயம் மட்டும் மாறவில்லை.

2013-இல் அமெரிக்காவில் டெஸ்லா ஒரு வழி கண்டது. சர்வீஸுக்குக் காரை விட்டவருக்குத் தன் 'மாடல் எஸ்' காரையே இரவலாகக் கொடுத்தது. பிடித்துப்போனால் அதையே வாங்கிக்கொள்ளலாம் என்றது.

அடுத்த முறை உங்கள் பெட்ரோல் காரை சர்வீஸுக்கு விடும்போது, மாற்று வண்டியாக மின்சாரக் கார் தருவார்களா என்று கேளுங்கள். கிடைத்தால் ஏ.சி. போட்டு மதுரை போய் வந்து, மீதிச் சார்ஜைக் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பரக் கணக்கைவிட அதுவே நம்பகமானது. லட்சக்கணக்கில் கடன் வாங்கும் முன் இரண்டு நாள் இரவல் வாங்கிப் பார்ப்பது லாபம்.